ஒன்பதாம் கட்டில் மாத்திரை

ஆபீசில் அவளுக்கு மாமியார் என்று பேர். அந்த வயசெல்லாம் இல்லை, மகள் இப்போதுதான் ஆறாம் வகுப்பு. அடுத்தவன் செய்த ஸ்கிரீனில் ஒரு பட்டன் நூலளவு கோணினாலும் கரித்துக் கொட்டுவாள், அதனால் வந்த பேர். வருஷக்கணக்கில் டைப் அடித்து, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு செல்போன் ஆப் எழுதக் கற்றுக்கொண்டவள். அடுத்தவன் மெத்தனம் பொறுக்காது.

அவர்கள் செய்த ஆப் ஒரு முதியோர் விடுதியில் ஓடியது. ஒரு கட்டிலுக்கு ஒரு பக்கம், அதில் அந்த ஆளின் மருந்துகள். எந்தக் கட்டிலில் அழைப்பு மணி அடித்தாலும் நர்ஸ் போனில் அந்தப் பக்கம் தானாகத் திறக்கும். ஒரு புதன்கிழமை விடுதியிலிருந்து ஆள் பேசினார். ஒன்பதாம் கட்டில் பெரியவரின் நெஞ்சுவலி மாத்திரையை நர்ஸ் ஒருத்தர் ஆப்பில் நிறுத்திவிட்டாராம். பெரியவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நர்ஸ் தான் செய்யவில்லை என்கிறார், திங்கட்கிழமையே அவரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மருந்தை நிறுத்த அவர் 'ஆம்' அழுத்திய பதிவை எடுத்து அனுப்ப வேண்டும்.

பதிவு தெளிவாக இருந்தது. நர்ஸ் பேர், ஒன்பதாம் கட்டில், 'ஆம்'.

"பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள் மாமியார்.

பக்கத்து மேசைப் பெண் சொன்னாள், "நாலாம் கட்டில் மருந்தைத்தான் நிறுத்தினேன்னு அந்தம்மா அடிச்சுச் சொல்றாங்களாம்க்கா."

மாமியார் சோதனை போனில் நாலாம் கட்டில் பக்கத்தைத் திறந்து, இரண்டாவது மருந்துக்கு எதிரே 'நிறுத்து' அழுத்தினாள். 'நிறுத்தவா?' என்று சின்னப் பெட்டி எழும்பியது. பதில் சொல்லாமல், பக்கத்து மேசைப் பெண்ணை அவள் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்பதாம் கட்டிலின் அழைப்பு மணியை அடிக்கச் சொன்னாள். பெட்டிக்குக் கீழே பக்கம் ஒன்பதுக்குத் தாவியது. பெட்டி மட்டும் மழையில் நின்ற எருமை மாதிரி அசையவில்லை. 'ஆம்' அழுத்தினாள். ஒன்பதாம் கட்டிலின் இரண்டாவது மருந்து நின்றது. அதுதான் நெஞ்சுவலி மாத்திரை.

பக்கம் மாறினால் பெட்டியை மூடியிருக்க வேண்டும். இல்லை, யாருடைய மருந்து என்று பெட்டியிலாவது பேர் போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அந்தப் பெட்டியை எழுதினவள் இவளேதான்.

"மாமியார் உடைச்சா மண்குடம்னு..." என்று ஆரம்பித்த பக்கத்து மேசைப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் போனில் செய்து காட்டியதை முதலாளி இரண்டு தடவை பார்த்தார். "சத்தமில்லாம சரி பண்ணிடு. அடுத்த வாரம் இன்னும் மூணு விடுதி சேருது. வாயைத் திறந்தா உனக்கு வேலையில்ல, எனக்குக் கடையில்ல."

"அந்த நர்ஸம்மா?"

"வேற இடம் பாத்துக்குவாங்க."

"ஆளைக் கொல்லப் பாத்தவள்னு பேர் வாங்கினவங்களுக்கு யாரு இடம் குடுப்பாங்க?"

படிக்கட்டில் நின்று புருஷனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், பேச்சு எப்போதும் கம்மி.

"தப்பு உம்மேல இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப என்னை எதுக்குக் கேக்குற?" வைத்துவிட்டார். கோபமா, போகச் சொன்னாரா, அவளுக்கு விளங்கவில்லை.

விடுதிக்குப் போனாள். பொறுப்பாளர் அம்மா மூன்று தடவை செய்து காட்டச் சொன்னார். பிறகு எல்லா நர்ஸ் கையிலிருந்தும் போனைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டார். வீட்டுக்கு அனுப்பிய நர்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, தப்பு உங்க மேல இல்ல. நான் எழுதினதுல இருக்கு," என்றாள் மாமியார்.

ஸ்பீக்கரில் நர்ஸ் கேட்டார்:

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"கண்ணு முழிச்சிட்டார். இன்னும் பேச்சு வரல. நீங்க வேலைக்கு வந்துருங்க," என்றார் பொறுப்பாளர்.

"ரெண்டு நாளா எம்மருமக முகத்தை நிமிந்து பாக்கலம்மா நான். நாளைக்குக் காலைல வர்றேன். அந்தப் போனைத் தொட மாட்டேன், காகிதமும் பேனாவும் வைங்க." குரல் இவள் பக்கம் திரும்பியது. "நீ எங்கிட்ட சொல்லிட்ட. அவரு பிள்ளைங்க ஆஸ்பத்திரி வாசல்ல என்னைத்தான் திட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

மாமியாரின் பைக்குள் முதலாளியின் அழைப்பு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.