அண்ணன் பெயரில் ஒரு வீடு

“பேர் சொல்லுங்க பெரியப்பா.”

“எந்தப் பேரும்மா? ரேஷன் கார்டுல கீறதா, எங்கம்மா வெச்சதா?”

“ரெண்டு பேரா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி முத்தம்மாள் சத்தம் போட்டார். “அந்தப் பொண்ணு ட்ரெயினுக்குப் போவணும்யா. கதை பேசாத. செங்கல்வராயன்னு எழுதச் சொல்லு.”

“அது செத்துப்போன எங்கண்ணன் பேருடி. நான் ஏகாம்பரம்.”

“அப்போ ஏகாம்பரம்னே எழுதிக்கோ. ஊட்டை உங்கண்ணன் வந்து வாங்கித் தருவாரு.”

அவர் ரேஷன் கார்டை என் பக்கம் நகர்த்தினார்.

நெமிலிச்சேரியில் எங்கள் தெருக்கோடியில் முன்பு சரக்கு ரயில்கள் வந்து நிற்கும் கிளைப்பாதை இருந்தது. மிச்சமிருந்தது முட்செடிக்குள் கொஞ்சம் தண்டவாளம், கூரையில்லாத இரும்புத் தூண்கள், மூட்டை இறக்கிய மேடை. மேடையின் கருங்கல்லையே பின்சுவராக்கி ஏகாம்பரம் ஓர் அறை கட்டியிருந்தார். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. திருநின்றவூர்ப் பக்கம் மாற்று வீடு தருவார்கள். அதற்கான ஆங்கிலப் படிவத்தை நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

1981இல், அந்த மேடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவர் அண்ணன் காய்ச்சலில் இறந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் கையில் பெயர் பொறித்த பித்தளை வில்லை கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேகன் பக்கம் விடமாட்டார்கள். புதுப் பெயர் பதிய ஆறு மாதமாகும். மேஸ்திரி அண்ணனுடைய வில்லையையே எடுத்துத் தம்பி கையில் கட்டிவிட்டார். “வேகன் நிக்குது. நீதான்டா செங்கல்வராயன், ஏறு.” அங்கே அது சகஜம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அவரும் நினைத்தார்.

அந்த வில்லையைக் காட்டி ரேஷன் கார்டு வந்தது. கார்டைக் காட்டி மற்றதெல்லாம் வந்தது. இருபத்து மூன்று வருடம் கோதுமையும் சிமென்டும் சுமந்தார். வேகன்கள் நின்றபின் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன், அங்கும் செங்கல்வராயன்தான். ஏகாம்பரம் என்று கூப்பிட்டது அம்மா மட்டும். அவரும் போய்விட்டார். முத்தம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் இல்லை.

நான் செங்கல்வராயன் என்றே எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

நான்கு மாதத்தில் வீடு கிடைத்தது. மேடையை இடிக்க இயந்திரம் வந்த காலையில், சாமான் ஏற்றிய வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் நடந்து வந்தார். முதுகு சரியாக நிமிரவில்லை.

“நான் செத்துப்போய்ட்டா தெருவுல போஸ்டர் ஒட்டுவானுங்கம்மா. அதை எந்த ஆபீசரும் வந்து பாக்க மாட்டான். அதுல மட்டும் ஏகாம்பரம்னு போடச் சொல்லு.”