ஞானராஜ் அண்ணன் அளந்த காற்று

செவ்வாய்க்கிழமை காலை சிங்கப்பூரின் ஈசூனில் ரயில் ஏறியபோது அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தோடு போனைத் திறந்தேன். எங்கள் லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி. "ஞானராஜ் அண்ணன் இன்று விடியற்காலை தூக்கத்திலேயே காலமானார். ஆங் மோ கியோவில் அவர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அஞ்சலி." அதற்கு முந்தைய செய்தி, யாரோ ஒருவர் தன் முட்டிக் கவசத்தைத் தொலைத்துவிட்டுத் தேடியது. ரயில் ஆங் மோ கியோவில் நின்று, கதவு திறந்து, மூடியது. நான் இறங்கவில்லை. நகரத்தில் பயிற்சி வகுப்பு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் லீக்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு முட்டிமோதுகிற பைத்தியங்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அமெரிக்கர்கள் கோடிகளைக் கொட்டி ஆடும் ஃபுட்பாலை நாங்கள் கைக்காசு போட்டு ஆடுகிறோம். அந்த லீக்கில் உபகரணங்களைச் சோதிப்பவராகப் பல வருடம் இருந்தவர் ஞானராஜ் அண்ணன். வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாவாக வந்தவர். ஞாயிறு காலை தேவாலயம், மதியம் மைதானம், இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை.

அந்தச் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யார் என்ன புகார் சொன்னாலும் அதை எடுத்துவிடுவார். "எழுதிட்டுப் பேசுவோம் லா" என்பார், சிங்கப்பூர்ப் பேச்சின் வாலோடு. ஒருமுறை இரண்டு தடியர்கள், யார் யாரை முதலில் குத்தியது என்று அவர் முன்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். இருவர் கையிலும் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். பாதி எழுதுவதற்குள் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலைக்கவசத்தில் ஒரு திருகு இல்லை என்று என்னையே ஒரு ஆட்டம் முழுக்க வெளியே உட்கார வைத்தார். அன்று நான் அவரைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. அவர் அதையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

புதன்கிழமை போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தேன். எதிரே பிரகாஷ். சென்னையிலிருந்து வந்து ஐடியில் இருப்பவன், எங்கள் எதிரணியின் கேப்டன், நல்ல நண்பனும்கூட. அவன் கண் சிவந்திருந்தது.

"மனுஷன் தங்கம், தினா. நம்ம ஆளு ஒருத்தன் வேலை போயிடக் கூடாதுன்னு பழிய தன் தலைல போட்டுக்கிட்டாரு. எத்தனை பேர் செய்வாங்க?"

"அப்போ முருகேசன் பந்துல காத்த இறக்கினார்னு சொல்றியா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இல்லன்னா விசாரணையில ஏன் போனைக் காட்டல?"

இரண்டு மேசை தள்ளி, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது, எங்கள் அணியின் பந்துகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த முருகேசனேதான். அவருக்குக் கேட்டது. கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு அடுத்த நாற்காலியை எடுத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடமாகப் பழகிய மௌனம், சுலபமாக வந்துவிட்டது.

ஆக, ஞானராஜ் அண்ணன் நல்ல மனதோடு பொய் சொன்னவர், முருகேசன் பிழைத்துப்போன திருடர். இப்படித்தான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் பொய். அது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரை வியாழக்கிழமை தகனம் செய்துவிட்டோம்.

நடந்தது இது. ஆறு வருடங்களுக்கு முன், அரையிறுதி. எங்கள் அணி கப்பல் பட்டறை ஊழியர்களின் அணி. நான் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி, அணியின் கேப்டன், பந்தை எறிபவனும் நானே. முருகேசன் பட்டறையில் வெல்டர், புதுக்கோட்டைப் பக்கம். விடுமுறை நாளில் எங்கள் பந்துகளையும் கவசங்களையும் பார்த்துக்கொள்வார். இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அணியும் தன் பந்துகளைத் தானே கொண்டுவரும், தான் தாக்கும்போது அதைத்தான் பயன்படுத்தும். ஆட்டத்துக்கு முன் ஞானராஜ் அண்ணன் இரண்டு அணியின் பந்துகளிலும் கேஜை, அதாவது அழுத்தமானியை, செருகி அழுத்தம் பார்த்து, சரி என்று எழுதுவார். பதின்மூன்று பவுண்டு இருக்க வேண்டும். அரைப்புள்ளி முன்பின் இருந்தால் மன்னிப்பு. காற்று குறைந்த பந்து கைக்குள் நன்றாக அடங்கும், மழையில் வழுக்காது. அதனால்தான் அதில் ஏமாற்றுவார்கள். அமெரிக்காவில் பெரிய அணியொன்றே அந்தப் பழியில் மாட்டி, ஊர் சிரித்ததை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம்.

அன்று காலை முழுக்க வெயில், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பெருமழை. நின்றதும் ஆடினோம். முதல் பாதியில் நான் எறிந்ததெல்லாம் பிடிபட்டது. இடைவேளையில் எங்கள் பந்து ஒன்று பிரகாஷின் கையில் கிடைக்க, அழுத்திப் பார்த்துவிட்டு, காற்று குறைவு என்று கையைத் தூக்கினான். அளந்தார்கள். எங்கள் பந்துகள் எல்லாம் பதினொன்றேகால். அவர்களுடையது பதின்மூன்று, அசையவில்லை. அப்போதுதான் ஒருவர் சொன்னார்: அளந்த பிறகு, மழைக்கு முன், முருகேசன் பந்துப் பையோடு கழிப்பறைக்குள் போனதைப் பார்த்தேன் என்று.

அடுத்த ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் விசாரணை. கீழே வாரவிடுமுறைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. மேலே மேசையைச் சுற்றி லீக் கமிட்டி, ஒரு ஓரத்தில் முருகேசன், இஸ்திரி போட்ட சட்டையில், உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். குற்றம் உறுதியானால் பட்டறைக்குக் கடிதம் போகும் என்றார்கள். அடுத்த மாதம் அவருடைய வொர்க் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி பெயரைக் கெடுத்தவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பாத்ரூம் உள்ள பையை ஏன் கொண்டு போனீங்க?" என்று பிரகாஷ் கேட்டான்.

"வெளிய வெச்சா யாராச்சும் எடுத்துடுவாங்க சார். பை என் பொறுப்பு. எங்க போனாலும் கூடத்தான் இருக்கும்."

"யாராவது காத்த இறக்கச் சொன்னாங்களா? உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க."

முருகேசன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "அதுல என் பொண்டாட்டி பிள்ள போட்டோ இருக்கு. காட்ட மாட்டேன்."

கமிட்டிக்காரர் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அதிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஞானராஜ் அண்ணன் முருகேசனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். அவர் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் வெகுநேரம் விரலை வைத்திருந்துவிட்டு, "ஒரு வாரம் குடுங்க. இன்னும் எழுதி முடிக்கல" என்றார்.

அடுத்த ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கமிட்டியை மைதானத்துக்கு வரச் சொன்னார். வெயில் கொளுத்தியது. ஓரத்தில் சாமான்கள் வைக்கும் தகரக் கன்டெய்னருக்குள் எங்கள் பந்துகள் காலையிலிருந்தே கிடந்தன. உள்ளே போய் மூச்சுவிட முடியாமல் நின்றோம். பதின்மூன்று வரும்வரை அவரே காற்றடித்தார், பிரகாஷைப் படித்துச் சொல்லச் சொன்னார். பிறகு பந்துகளைக் குழாயடியில் நனைத்து, ஈரத் துண்டைச் சுற்றி மரநிழலில் வைத்து, ஒரு மணி நேரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. தானும் போகவில்லை. மறுபடி அளந்தபோது பிரகாஷ் கேஜை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "பதினொன்றரை" என்றான்.

"உங்க பந்துங்கள எங்க வெச்சு அளந்தேன், ஞாபகம் இருக்கா?" என்று அவனைக் கேட்டார்.

"நாங்க லேட்டா வந்தோம். கிளப் ஆபீஸ்ல."

"ஏசி ரூம். இவங்களோடத இந்த அடுப்புல வெச்சு அளந்தேன். சூட்டுல காத்து பெருசாகும், குளிர்ந்தா சுருங்கும். இத வெச்சுத்தான் முப்பது வருஷமா சோறு சாப்பிடறேன். தொழிற்சாலையில சூடு எழுதாம ஒரு நம்பர்கூட எழுத மாட்டேன். இங்க எழுதல. வெளையாட்டுத்தானேன்னு இருந்துட்டேன்." நோட்டை விரித்துக் கமிட்டியிடம் நீட்டினார். "தப்பு முருகேசன்மேல இல்ல. என்மேல. அப்படியே எழுதிக்குங்க."

நீட்டியவர் தலை நிமிரவில்லை. அதை நான் பார்த்தேன். கருணையால் பொய் சொல்கிறவனின் குனிந்த தலை அல்ல அது. தன் தொழிலில், தன் கையால், பாலபாடத்தில் தவறிவிட்ட ஒருவரின் வெட்கம். நம்மில் பலர் அன்று அங்கே இல்லை. இருந்திருந்தால் யாரும் அவரைப் பொய்யர் என்று நினைத்திருக்க மாட்டோம், நல்ல பொய்யர் என்றுகூட. பிரகாஷ் மட்டும் விலக்கு: எங்கள் பந்துகளை அன்று கன்டெய்னரில்தான் அளந்தேன் என்று அண்ணன் சொன்னதையே அவன் நம்பவில்லை, காட்டாத போன்தான் அவன் மனதில் நின்றது.

கமிட்டி அரையிறுதியை மறுபடி ஆட வைத்தது. தோற்றோம். முருகேசனுக்குக் கடிதம் போகவில்லை, பெர்மிட் புதுப்பித்தார்கள். ஞானராஜ் அண்ணனைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அன்று மாலை காப்பிக் கடையில் எனக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிவந்து எதிரே உட்கார்ந்தார். தன் கேஜை மேசையில் என் பக்கம் தள்ளினார்.

"இனிமே நீங்க பாருங்க."

"ஏன் அண்ணே என்கிட்ட?"

அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த போன்ல இருந்தது உங்க மெசேஜ்தானே?"

நான் கேஜைக் கையில் எடுத்து, ஊசியை அழுத்தி, ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்தார். "சரி. எப்ப முடியுதோ அப்ப" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் பார்வையாளர் படிகளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். சட்டைப் பையில் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி புதிதாகக் குடியேறியிருந்தது. என்னைப் பார்த்தால் கை அசைப்பார், முட்டிவலியை விசாரிப்பார். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது சொல்லித் தொலைத்திருப்பேன். அவர் கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் உட்காரும் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

நேற்று முருகேசனைத் தேடி லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். புல்தரையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். தனியாகக் கூப்பிட்டு, இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, போனை எடுத்து, பழைய செய்திகளை வெகுநேரம் மேலே தள்ளிக்கொண்டே போனார்.

"மூணு போன் மாத்திட்டேன் சார். இத மட்டும் விடாம கொண்டாந்துட்டேன்."

"எதுக்கு?"

"எம் மக வளந்துட்டா. என்னிக்காவது யாராச்சும் அவகிட்ட உங்கப்பன் திருடன்னு சொன்னா, அவளுக்கு மட்டும் காட்டலாம்னு."

அரையிறுதி அன்று காலை நான் அனுப்பியது அதில் இருந்தது. "பந்து கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம் காத்த இறக்கி விடுங்க. யாருக்கும் தெரியாது." விளையாட்டாக எழுதினேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிவந்தேன். பாதிதான் விளையாட்டு. அதன் கீழே முருகேசனின் பதில்: "அது தப்பு சார். செய்ய மாட்டேன்."

அந்த மாடியில் போனைக் காட்டியிருந்தால் அவர் அந்த நிமிஷமே தப்பியிருப்பார். மாட்டியிருப்பது நான். பிழைப்பே போகும் என்று தெரிந்தும் அவர் பையைப் பொத்திக்கொண்டார், நான் தண்ணீர் குடித்தேன். இதை ஞானராஜ் அண்ணன் அன்றே எங்கள் இருவர் முகத்திலும் படித்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுப்பது அவருக்கு ஒரு வாக்கியம். அதை விட்டுவிட்டு, தன் நோட்டில் தன் தவறைத் தேடிப் போனார்.

அவருடைய கேஜ் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதைக் கமிட்டி மேசையில் வைத்துவிட்டு, முருகேசன் பக்கத்தில் நின்று, இந்தத் தாளை பிரகாஷ் உட்பட எல்லோர் முன்னாலும் படிக்கப் போகிறேன். கேஜை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கட்டும். காப்பிக் கடையில் அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னுடையது, அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆமாம் அண்ணே, நான்தான். எழுதிட்டேன். இப்ப பேசுவோம்.