நான் அழித்த முக்கோணம்

சில வருடங்களுக்கு முன் ஒரு விஜயதசமி. ஜெர்மனியின் ஹம் நகரில், எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினோம். பிள்ளையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவிப்பது என் வேலை. அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்துவிடும்.

எங்கள் மேல்வீட்டில் கனடாவின் வடகோடியில் இருந்து வந்த இனுயிட் பழங்குடிப் பெண் ஒருத்தி, ஜெர்மன் கணவனோடு இருக்கிறாள். "என் மகளும் அரிசியில் எழுதலாமா?" என்று ஜெர்மனில் கேட்டிருந்தாள். கேட்க வேண்டுமா! "பாருங்கோ, அந்தப் பிள்ளையும் தமிழ் எழுதப் போகுது" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர்கள் முறை வந்தது. தாயே மகளை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் மெதுவாக, முனை இடப்பக்கம் பார்க்கும் ஒரு முக்கோணம் கீறினாள். பாவம், தெரியாமல் படம் கீறுகிறாள் என்று நினைத்தேன். "ரீச்சர், கெதியா முடியுங்கோ, சனம் நிக்குது" என்று பின்னால் நின்ற அக்கா ஒருவர் வேறு அவசரப்படுத்தினார்.

"ஓம் அக்கா, ஓம்" என்றபடி அரிசியை உள்ளங்கையால் தடவி அழித்தேன். பிள்ளையின் விரலை வாங்கிப் பெரிதாக ஒரு 'அ' எழுதினேன். எல்லோரும் கைதட்டினார்கள். தாய் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் அவளைப் படிக்கட்டில் கண்டு, எடுத்த போட்டோவைப் பெருமையாகக் காட்டினேன். ஆவி படிந்திருந்த சன்னல் கண்ணாடியில் அவள் முக்கோணம் கீறினாள். முனை மேலே பார்த்தால் 'இ', வலப்பக்கம் பார்த்தால் 'உ', இடப்பக்கம் பார்த்தால் 'அ'. அதுதான் அவளுடைய இனுக்டிட்டுட் மொழியின் எழுத்தாம்.

"ஆங்கில எழுத்திலும் எழுதலாம். ஆனால் என் அம்மா எனக்குக் காட்டித் தந்தது இதுதான். இந்த ஊரில் இதை எழுத என்னைத் தவிர யாரும் இல்லை. உங்கள் அரிசியில் தொடங்கினால் மகளுக்கு நிலைக்கும் என்று நினைத்தேன்" என்றாள்.

அட கடவுளே! நான் அழித்ததும் ஓர் 'அ'. தமிழை அழிக்கிறார்கள் என்று இதே நாட்டுத் தெருக்களில் பதாகை பிடித்து நடந்தவள் நான். வெட்கத்தோடு போட்டோவை மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் தட்டும் அரிசியுமாக மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, விரலைப் பிடித்து, முக்கோணம் கீறப் போனாள். பிள்ளை கையை இழுத்துக்கொண்டது.

"இது வேண்டாம். எல்லோரும் கைதட்டிய எழுத்துத்தான் வேண்டும்."

இப்போதும் ஏடு தொடக்க உட்காரும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் விழுகிறது; யாராவது ஏற்கெனவே எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நான் அரிசியில் கை வைப்பதே இல்லை.