பழைய டிஸ்க்கைக் காட்டச் சொல்லும் காதர் பாய்

காதர் பாய் இறந்துவிட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

ஃபோன் வந்தபோது நான் மாமல்லபுரத்துப் பக்கம் கரையில், கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு ஒன்றின் ஓரத்தில் தேய்க்கிற கிரைண்டர் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கடைக்குக் கிளம்பத்தான் இருந்தேன்...

தெரியாதவர்களுக்கு... செங்கல்பட்டு பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். எங்கள் கரையில் படகு ரிப்பேர் பார்க்கிற பாதிப் பேருக்குக் கிரைண்டரில் மாட்டுகிற டிஸ்க் அவரிடம்தான். திட்டாமல் ஒரு பொருளைத் தந்தது கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி. நான் ஒட்டுப் போட்ட படகு கடலுக்குப் போனால், அது திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவருக்கு அது தெரியும்.

முதல் தடவை போய் எண்பதாம் நம்பர் ஃபிளாப் டிஸ்க் கேட்டேன். உப்புத்தாளைத் துண்டு துண்டாக அடுக்கி ஒட்டிய வட்டம் அது. எண்பது என்றால் நைசாகத் தேய்க்கும், இடம் வழவழவென்று வரும், படகுக்காரருக்கும் பார்க்கப் பிடிக்கும்.

"பாக்கறதுக்கு வோணுமா, கடல்ல போறதுக்கு வோணுமா?" என்று கேட்டார்.

நாற்பதாம் நம்பரைக் கையில் திணித்தார். சொரசொரப்பாக இருந்தால்தான் ஒட்டுப் போடுகிற ரெசின் பிசின் கவ்வும், வழவழப்பின் மேல் போட்ட ஒட்டு நாலு அலை அடித்தால் உரிந்து வந்துவிடும் என்று கடையே கேட்கிற மாதிரி ஒரு பிரசங்கம். எனக்குச் செம கோபம். ஆனாலும் நாற்பதில்தான் தேய்த்தேன்.

இன்னொரு நாள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று என் சின்ன மெஷினுக்குப் பெரிய வீல் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டு மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். சுற்றுகிற வீலை மூடும் கார்டை நான் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. பெரிய வீல் அந்த வேகத்துக்குத் தாங்காது, உடைந்தால் முகத்தில்தான் அடிக்கும்... உள்ளே போய்த் தேடி ஒரு கார்டு எடுத்துவந்து அவரே மாட்டினார். அன்றைக்கு டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அவரிடம் ஒரு வழக்கம். பழைய டிஸ்க்கைக் காட்டாமல் புதுசு தரமாட்டார். தேய்ந்திருந்தால் உடனே எடுத்துக் கொடுப்பார். பிசின் அப்பிக்கொண்டு அடைத்திருந்தால் டிஸ்க்கைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிடுவார். டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது, உன் ஒட்டுதான் இன்னும் காயவில்லை, காயவைத்துவிட்டு வா என்பார்.

இன்று நான் தேய்த்துக்கொண்டிருந்த படகு என் தங்கை வீட்டுக்காரர் செல்வத்துடையது. அடிப்பக்கம் விரிசல். ஒட்டுப் போட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டது. இன்று காலை தேய்க்கத் தேய்க்க டிஸ்க் அடைத்துக்கொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடியும் அடைக்கிறது. ஒட்டு இன்னும் காயவில்லையோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

நாளை விடியற்காலை படகைக் கடலில் இறக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். இறால் படுகிற நேரம், ஊரே போகிறது, நான் மட்டும் கரையில் உட்காரவா என்று மச்சான் எகிறினார். என் பயத்தை அவர் எப்போதும் கிண்டல்தான் செய்வார்.

கடைசியில், "பாய்கிட்ட கேளு. அவரு வோணாம்னா உட்டுடறேன்" என்றார்.

டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன். அப்போதுதான் ஃபோன். திரையில் பாய் நம்பர். எடுத்தால் அவருடைய தம்பி பேசுகிறார்...

என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. வைத்ததும் எதிரே மச்சான் நிற்கிறார்.

"இன்னா சொன்னாரு பாய்?"

"வோணாம்னாரு மச்சான்."

அவர் போய் எஞ்சினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். வலையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஃபோனில் பேசியது யார் என்று கேட்டார். சொன்னேன். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி வா, போலாம்" என்றார். தார்ப்பாயை எடுக்கவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து அடக்கம். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்துவிட்டோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. கடை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே போகக் கால் வரவில்லை, அதனால்தான் இங்கே நின்று இதை எழுதுகிறேன்.

நிம்மதியாகத் தூங்குங்கள் பாய்.

நீங்கள் சொல்லாததை உங்கள் பேரில் சொல்லிவிட்டேன்... அதைத்தானே சொல்லியிருப்பீர்கள்?