கள்ளிக் குட்டிகளுக்கு என்ன சாப்பாடு?

கள்ளிச்செடி விற்கிறவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி "இதுக்கு என்ன உரம் போடணும்?" என்பது, சரியான பதில் "இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பது, அந்தப் பதிலை மட்டும் சொல்லிக் கடை நடத்திய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலை ஓரத்தில் தனபாலும் நானும் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் கள்ளிச்செடி விற்றோம். நாற்றுகள் வளர்ந்தது செங்கல்பட்டில், என் வீட்டு மொட்டை மாடியில். தனபால் பக்கத்துக் குப்பத்துக்காரன். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் படகில் ஏறினால் குமட்டும். அதனால்தான் என்னோடு கூட்டுச் சேர்ந்தான். வியாபாரம் படுத்துவிட்டால் திரும்பி வரட்டும் என்று அவன் அண்ணன் படகில் அவனுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். ஆக, எங்கள் நாற்றுகள் அழுகினால் தனபாலுக்கு வாந்தி நிச்சயம். இந்தக் கவலையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். தொட்டியில் சாம்பல், முட்டை ஓடு, டீத்தூள் என்று எதையாவது கொட்டிவிட்டு, மறுநாள் பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய்ப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால் நீங்களும் எங்கள் கட்சிதான்.

எத்தனை காணி?

விதையிலிருந்து முளைத்த கள்ளி முதலில் கடுகு அளவு இருக்கும். பல மாதம் கழித்து மிளகு. பிறகு சுண்டைக்காய். நெல்லிக்காய் அளவு வந்தால்தான் வாங்க ஆள் வரும். எங்கள் முதல் ஈடு மிளகுப் பருவத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் புத்தகம் புத்தகமாகப் படித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தழைச்சத்து குறைவாக, சாம்பல் சத்து கூடுதலாக, தண்ணீரில் முழுக்கக் கரைகிற உரம் வேண்டும்; அதையும் பையில் அச்சடித்திருக்கும் அளவில் கால் பங்குதான் கலக்க வேண்டும். செங்கல்பட்டில் கிடைக்கவில்லை. படாளத்தில் கிடைக்கும் என்றார்கள். பஸ் ஏறினேன்.

கரும்புக்காரர்களும் நெல்லுக்காரர்களும் வந்து போகும் பெரிய உரக்கடை அது. கடைக்காரர் என்ன பயிர் என்று கேட்டார். கள்ளி என்றேன். அது வேலியில் தானாக வருமே என்று யோசித்துவிட்டு, எத்தனை காணி என்றார். ஒரு மொட்டை மாடி என்றேன். சரி, மாதத்துக்கு எவ்வளவு உரம் வேண்டியிருக்கும் என்று கேட்டார். நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததால், ஒரு தேக்கரண்டி என்று உடனே சொன்னேன். மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் அதைத் திரும்பக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கடைக்காரர் மட்டும் மரியாதை குறையாமல் சொன்னார்:

"சார், இங்க மூட்டைதான். ஸ்பூன் கணக்குல வேணும்னா மெடிக்கல் ஷாப்ல கேளுங்க."

தென்னைக்குப் போடுவது

மூட்டையோடுதான் வீடு திரும்பினேன். ஒரு சிட்டிகை கரைத்து, பேனாவுக்கு மை நிரப்பும் பில்லரால் செடிக்கு மூன்று சொட்டு விட்டேன். நம் பிள்ளைகளுக்கு மருந்துகூட இவ்வளவு கவனமாக ஊற்றியதில்லை என்றாள் என் மனைவி. தனபால் இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனான். வீட்டில் மூட்டை உரத்தை வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பட்டினி போடுகிறேன் என்பது அவன் கட்சி. ஒரு நாள் நான் கடையில் இருந்த நேரம் பார்த்து, கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் அக்கா வீட்டிலிருந்து ஒரு கோணி கருவாட்டுத் தூள் கொண்டுவந்து, தொட்டி தொட்டியாகப் புட்டுக்குச் சர்க்கரை தூவுகிற மாதிரி தூவிவிட்டான். அவர்கள் பக்கம் தென்னைக்கு அதுதான் போடுவார்கள். காய்ப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் தென்னை மரத்தைப் பூனை புரட்டிப் போடாது. என் வீடு இருந்ததோ கோயில் தெரு. முட்டை வாசனைகூட அறியாத வீடுகள். எங்கள் தெருவில் அத்தனை பூனைகள் இருக்கின்றன என்பதையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். அவை போனதும் காக்கைகள். நானும் தனபாலும் பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஒவ்வொரு மிளகையும் துடைத்து எடுத்தோம். அப்போது கீழ்வீட்டுக் குருக்கள் மாடிப்படியின் அடியில் வந்து நின்றார். மேல்துண்டின் நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"சார், மொட்டை மாடியில புதுசா யாராவது குடிவந்திருக்காளா?"

பிரதோஷக் கணக்கு

அந்தக் குருக்களே எங்கள் வாடிக்கையாளரும்கூட. முள்ளில்லாத உருண்டைக் கள்ளி ஒன்றை ஆசையாக வாங்கிப்போய் ஜன்னலோரத்தில், சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் வடிவம் அவருக்கு வேறொன்றை நினைவுபடுத்தியிருக்க வேண்டும். தினமும் கோயிலிலிருந்து வரும் அபிஷேகப் பாலில் அதற்கும் ஒரு உத்தரணி ஊற்றினார். நான் போய்ப் பார்த்தபோது செடியைக் காணவில்லை. எறும்புகள் மட்டும் உருண்டையாக இருந்தன.

வேறு செடி கொடுத்துவிட்டுப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சின்னச் செடிக்குப் பால் ஆகாது. முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைக்க வேண்டும். அப்புறம் நான் தரும் உரத்தண்ணீரில் ஒரு மூடி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை. நாள் எண்ணுவது தனக்குச் சரிப்படாது, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு பிரதோஷம். அதற்குப் பிறகு கோயில் ஊர்க்காரர்களிடம் நான் பிரதோஷம் என்றும், கடலோரத்துக்காரர்களிடம் தனபால் அமாவாசை, பௌர்ணமி என்றும் சொல்ல ஆரம்பித்தோம். பதினைந்து நாள் என்று சொன்னபோது மறந்தவர்கள் ஒருவர்கூட இப்போது மறக்கவில்லை. குருக்களின் செடியும் பிழைத்துக்கொண்டது. கத்திரி வெயிலில் செடி தூங்கும், அந்த இரண்டு பிரதோஷத்துக்கு மட்டும் உரம் வேண்டாம் என்று சொல்லப் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

"பட்டினி போடச் சொல்றேள். அந்தப் பாவம் உங்களுக்கா, நேக்கா?"

ஊரப்பாக்கத்து அம்மாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஊரப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எங்களிடம் வாங்கிய செடியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். நான் விற்றது உருண்டை. அவர் கொண்டுவந்தது புடலங்காய். வெயிலே எட்டாத அறையில் டி.வி. பெட்டியின்மேல் வைத்து, வாரா வாரம் ஒரு சிட்டிகை யூரியா போட்டாராம். முழ நீளத்துக்கு வெளுத்து, ஜன்னல் இருக்கும் திசையைக் கேட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. இது வளர்ச்சி இல்லை அம்மா, வெளிச்சம் தேடி நீண்டிருக்கிறது, யூரியாவால் உடம்பு நீர் கோத்திருக்கிறது என்று விளக்கினேன். அதற்குள் கூட்டம் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டது. எல்லோருக்கும் அவர் யூரியா அளவு சொன்னார். எல்லோரும் ஆளுக்கொரு உருண்டை வாங்கினார்கள். தனபால் என் முகத்தைப் பார்க்காமல் தொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்தான். மனம் கேட்காமல் நான் இன்னொரு முறை, இது நோய் என்றேன்.

"எங்க வூட்ல நல்லா வளந்துகினு கீது. அதுல உங்களுக்கு இன்னா சார் வயித்தெரிச்சல்?"

கையடித்துக் கொடுத்த சத்தியம்

அடுத்த ஆவணியில் கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு ரிசார்ட்டிலிருந்து ஜெகதீசன் என்பவர் வந்தார். அங்கே தோட்டத்துக்குப் பொறுப்பாளர். டிசம்பரில் விருந்தினர் வருவதற்குள் அறைக்கு ஒரு கள்ளித்தொட்டி வேண்டும், நெல்லிக்காய் அளவில். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க எங்களிடமே வாங்குவார்கள். இல்லாவிட்டால் பெங்களூரிலிருந்து லாரி வரும். நெல்லிக்காயெல்லாம் விற்றுத் தீர்ந்து, எங்கள் மாடியில் அப்போது இருந்தது சுண்டைக்காய். தனபாலின் அண்ணனோ தை மாதத்துக்கு மேல் இடத்தைக் காலியாக வைக்க முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். அவசரத்தில் உரத்தைக் கூட்டிவிடக் கூடாது, பிரதோஷத்துக்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது என்று நானும் தனபாலும் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டோம்.

செடிகள் கிடுகிடுவென்று பெருத்தன. மினுமினுப்பு வேறு. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன், ஏனென்றால் வாரத்தில் ஒரு நாள் ரகசியமாகக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான். ஒரு மத்தியானம் பாங்க்குக்குப் போவதாகத் தனபாலிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்து, மாடியில் பில்லரும் கையுமாக இருந்தேன். படியில் காலடிச் சத்தம். தனபால் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு வந்தான். உர மூட்டை இருக்கும் மூலைக்கு அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேராகப் போனதிலிருந்தே இது பழகிய வழி என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் குவளையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான் பில்லரைச் சட்டைப்பையில் போட்டேன், அது ஒழுகியது. என் சட்டைப்பையில் பரவிய ஈரத்தை அவன் பார்த்தான். கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"அப்போ கடைல யாரு அண்ணாத்த கீறாங்க?"

ஐப்பசி மழை

இரட்டைச் சாப்பாடு சாப்பிட்ட செடிகள் ஐப்பசி வரை அழகாக இருந்தன. மழை பிடித்தது. பாலிதீன் கூரைக்குக் கீழேதான் இருந்தன, ஆனாலும் காற்றிலேயே அவ்வளவு ஈரம். ஏற்கெனவே நீர் கோத்து நின்ற உடம்பு, பழுத்த தக்காளி மாதிரிப் பக்கவாட்டில் வெடித்தது. வெடித்த இடத்தில் அழுகல். தினமும் காலையில் நான் ஒரு பக்கமும் தனபால் ஒரு பக்கமுமாகப் பொறுக்கினோம். யார் ஊற்றியதால் வந்தது என்ற பேச்சே எழவில்லை. கார்த்திகையில் மாடி முழுக்க வெறும் மண் தொட்டிகள். தனபால் கரையோரம் கட்டிக் கிடந்த அண்ணன் படகில் ஏறி உட்கார்ந்து பழகிப் பார்த்தான். கட்டிக் கிடந்த படகே அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

அவனுக்கு மோர் கொடுக்க மேலே வந்த என் மனைவிதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள், இடம் அடைக்கிறது என்றாள். துணி காயப்போட இடைஞ்சலாக இருந்த நாற்றுத் தட்டுகளை ஆடியிலேயே அந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறாள். காலை வெயில் மட்டும் படுகிற இடம். ஞாபகம் வந்தபோது வெறும் தண்ணீர் தெளித்ததோடு சரி. எங்கள் இரண்டு பேர் கையும் அங்கே எட்டவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தோம். பெரிய சுண்டைக்காய் அளவில், கரும்பச்சையாக, கல் மாதிரி கெட்டியாக, ஒன்றுகூட வெடிக்காமல் உட்கார்ந்திருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

"இதுங்களுக்கு நான் ஒண்ணுமே போடலையே, தப்பாயிடுச்சா?"

கட்டைவிரல்

லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ரிசார்ட்டில் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியெல்லாம் தனபால் சொல்லிக்கொண்டே வந்தான். ஜெகதீசன் ஒரு செடியைக் கையில் எடுத்தார். நெல்லிக்காய் அல்லவா சொன்னேன் என்றார். தழைச்சத்து கூடினால் என்ன ஆகும் என்று நான் ஆரம்பித்ததுமே தனபால் என் காலை மிதித்தான். ஜெகதீசன் எதையும் காதில் வாங்கவில்லை. கட்டைவிரலால் செடியை அழுத்திப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அழுத்தினார். முன்பு வேலை பார்த்த இடத்தில் பளபளவென்று வந்த செடிகளெல்லாம் கடற்காற்றில் ஒரே மாதத்தில் கூழாகிப்போனதாகவும், அந்தக் கூழை விருந்தினர் கண்ணில் படாமல் அள்ளுவதே தன் வேலையாக இருந்ததாகவும் சொன்னார். கொண்டுபோனது எல்லா அறைக்கும் போதாது. கடலைப் பார்த்த அறைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வதாகவும், மற்ற அறைகளுக்கு இதே மாதிரி கெட்டியாக, எப்போது தயாரோ அப்போது கொண்டுவந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். பெங்களூர் லாரியைப் பற்றிப் பேசவே இல்லை.

வெளியே வந்ததும் தனபால் எஸ்.டி.டி. பூத் முன்னால் வண்டியை நிறுத்தினான். குப்பத்து டீக்கடைக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிடச் சொன்னான். அண்ணன் வரும்வரை கண்ணாடிக் கதவு வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாகப் பேசினான்:

"அண்ணே, என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்க. எனக்கு இங்க பெரிய வேல கீது. எதையும் ஊத்தாம பாத்துகினு இருக்கணும்."

இளங்கள்ளிக்கு எந்த உரம் நல்லது, எவ்வளவு நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், நல்ல உரமாகப் பார்த்து வாங்கி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.