கிளி வராத விஜயதசமி

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே மருந்துக் கடை, மாடியில் சென்டர். அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. காலையில் நான்தான் பூட்டைத் திறப்பேன். சாவி என் முந்தானையில்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் திரிசூலம் பக்கம் கல் உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெயில், தூசி. இருமல் வந்தது, விடவில்லை. அந்த வேலையை விட்டு நிழலுக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது. பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் திரும்பவும் கல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

சென்டரில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏ.சி. ஓடும். கோவில் மாதிரி இருக்கும். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எல்லாம் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வருகிறவை. ஒன்றே ஒன்று மட்டும் கலர். அதைப் போட்டதும் தானாகவே ஒரு கிளிப் படம் வரும். சிவப்பு மூக்கு, பச்சை றெக்கை, பின்னால் நீல வானம். பாடம் நடத்துகிற சார் அப்படிச் செய்து வைத்திருந்தார். பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்களை முதலில் அந்தக் கிளி முன்னால்தான் உட்கார வைப்பார்கள். கிளியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சேர்ந்துவிடுவார்கள்.

முதலாளி சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூஜையைத் தடுக்க மாட்டார். "கும்பிடறவங்க கும்பிடட்டும். அன்னிக்காவது மிஷின்ல இருக்கிற தூசி போகும்ல" என்று சிரிப்பார்.

அந்த வருஷமும் அப்படித்தான். நான் காலையிலிருந்து எல்லாவற்றையும் துடைத்தேன். கம்ப்யூட்டருக்கு மஞ்சள் துணி, காய்ந்த துணி. தரைக்கு வேறு துணி, பக்கெட்டில் தண்ணீர். இரண்டும் சேராமல் பார்த்துக்கொண்டேன். சார் முன்பே சொல்லியிருந்தார், தண்ணீர் பட்டால் அவ்வளவுதான் என்று. துடைத்து முடித்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். கலர் கம்ப்யூட்டருக்கு மட்டும் சாமந்தி மாலை. பொரி, கடலை, சுண்டல் எல்லோருக்கும் கொடுத்தோம். பூட்டிவிட்டுப் போனோம். பூஜை போட்டால் அன்றைக்கு மிஷினைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் போட்டு, பேருக்காவது கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். அது வழக்கம். புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அன்றைக்குத்தான்.

மறுநாள் நல்ல மழை. நான் திறந்து பெருக்கி முடித்தபோது முதலாளியும் சாரும் வந்தார்கள். சார் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் வந்தது. கடைசியில் கலர்.

பட்டனை அழுத்தினார். விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பீப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரை கறுப்பாகவே நின்றது. மூலையில் நான் வைத்த குங்குமப் பொட்டு மட்டும் தெரிந்தது.

நிறுத்திப் போட்டார். மறுபடியும் விளக்கு, காற்றாடி, பீப். கிளி வரவில்லை.

சார் பின்னால் போய் ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினார். ஊதினார். பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினார். பக்கத்துத் திரையை மாட்டிப் பார்க்கலாமே என்றார் முதலாளி. "அதோட ஒயர் பின் இதுல சேராது சார்" என்றார் சார். பிறகு ஒரு திருப்புளி எடுத்து வந்து பெட்டியையே திறந்துவிட்டார். கழற்றிய மறையாணி எல்லாம் மேஜையில் உருண்டது. உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரியவில்லை என்று.

அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏங்க்கா, இது இன்னா உங்க வூட்டு அண்டாவா, புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நேத்து உங்க கையில ஈரத் துணி இருந்துது. நானே பார்த்தேன். உள்ள தண்ணி எறங்கியிருக்கு."

"அது தரைக்கு வச்சிகினு இருந்தது சார். இதுக்குக் காஞ்ச துணிதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

முதலாளி கத்துகிறவர் அல்ல. அன்றைக்கும் கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "யாரு தொட்டது இதை? நீதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். துடைத்தது நான்தானே. "சரி. சாவியைக் கொடு. இன்னிக்கு எதையும் தொடாத. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை. தினமும் ஒரு கையால் அவிழ்க்கிற முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். சாவியை மேஜையில் வைத்தேன்.

மாம்பலத்தில் இந்தக் கம்ப்யூட்டரை விற்ற கடைக்குப் போன் போட்டார்கள். இன்ஜினியர் கிளம்பி வருகிறார் என்றார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. உள்ளே எதையும் தொடக் கூடாது. படிக்கட்டைப் பெருக்கினேன். மழையில் வருகிறவர்கள் சேற்றைக் கொண்டுவந்தார்கள். திரும்பப் பெருக்கினேன். ரோட்டில் பஸ் நின்றால் எட்டிப் பார்ப்பேன். யாரோ இறங்குவார்கள், யாரோ போவார்கள். மருந்துக் கடைக்காரர், "இன்னாம்மா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வராங்களா?" என்றார். சிரிக்க முடியவில்லை.

போய்விடலாமா என்று நினைத்தேன். அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விட்டால் ஒரு மரியாதை இருக்கும். அப்புறம் நினைத்தேன், போனால் நான்தான் செய்தேன் என்று ஆகிவிடும். நின்றேன்.

நிற்க நிற்க வேறு ஒன்று வந்தது. நிஜமாகவே காய்ந்த துணிதானா? ஒரு தரம் மாற்றி எடுத்திருப்பேனோ? கை ஈரமாக இருந்திருக்குமோ? காலையில் நிச்சயமாகத் தெரிந்தது, நேரம் போகப் போகத் தெரியாமல் போனது. அவர்கள் நம்பாதது போதாதென்று நானும் என்னை நம்பவில்லை. அதுதான் மோசம்.

ஒரு அம்மா தன் பெண்ணைச் சேர்க்க வந்தார். பட்டுப்புடவை. வெற்றிலை பாக்குப் பழமெல்லாம் தட்டில் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "கலர்ல படமெல்லாம் வரும்னு சொன்னாங்களே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்க அக்கா அதுக்கு எண்ணெய் தேச்சிக் குளிப்பாட்டிட்டாங்க மேடம். இன்னும் தலை காயல" என்றார் சார்.

அந்த அம்மா சிரித்தார். பெண்ணும் சிரித்தாள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். இன்னொரு நாள் வருகிறோம் என்று அவர்கள் தட்டோடு இறங்கிப் போனார்கள். முதலாளி வாசல் வரை வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார்.

இன்ஜினியர் வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். சின்ன வயசுதான். கையில் ஒரு பை, அதை மட்டும் பிளாஸ்டிக் கவரால் சுற்றி வைத்திருந்தார். "பழவந்தாங்கல்ல ரயிலை நிறுத்திட்டான் சார். தண்டவாளத்துல தண்ணி" என்றார். செருப்பைக் கழற்றினார். கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

"அக்கா, காஞ்ச துணி ஏதாவது இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

என்னிடம் இருந்தது அந்த மஞ்சள் துணிதான். கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சார் அவரிடம் எல்லாம் சொன்னார். தண்ணீர், ஈரத் துணி, கார்டு போயிருக்கும், இன்னும் என்னென்னவோ. முதலாளி, "இவங்கதான் தொடைச்சாங்க" என்று வாசலைக் காட்டினார்.

இன்ஜினியர் கம்ப்யூட்டரைப் போட்டார். பீப் சத்தம் கேட்டதும் தலையை ஆட்டினார். "உள்ள நல்லாத்தான் இருக்கு போல சார். கெட்டிருந்தா வேற மாதிரி கத்தும்." பெட்டிக்குள் விரலை வைத்துப் பார்த்தார். "ஈரமும் இல்ல."

பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, இந்தத் துணியாலதான் தொடைச்சீங்களா?"

"ஆமா சார்."

"எப்படித் தொடைச்சீங்க? வந்து காட்டுங்க."

நான் அசையவில்லை. முதலாளி தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவர் தொடச் சொல்கிறார்.

"ஓடிக்கினு இருக்குது சார். ஏதாவது ஆயிடும்."

"ஒண்ணும் ஆகாது. நான்தான் பக்கத்துல இருக்கேன்ல. நேத்து மாதிரியே தொடைங்க, போதும்."

போனேன். துணியை வாங்கித் திரைக் கண்ணாடி மேல் வைத்தேன். மேலிருந்து கீழே துடைத்தேன். பிறகு தலைப்பக்கம். பிறகு ரெண்டு பக்கமும். கடைசியில் திரைக்குக் கீழே, விளிம்பின் அடிப்பக்கம். அங்கேதான் தூசி அப்பிக்கொள்ளும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். நான் அதை விடமாட்டேன். துணியை விரலில் சுற்றி அந்த இடுக்கில் விட்டு ஒரு இழுப்பு இழுத்தேன்.

திரையில் என்னவோ தெரிந்தது. புகை மாதிரி.

கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்காதீங்க! அதே மாதிரி, அதே மாதிரி இழுங்க."

இழுத்தேன். புகை நீலமானது. நீலத்தில் பச்சை வந்தது. இன்னும் ஒரு இழுப்பு. சிவப்பு மூக்கு. கிளி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சார் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

இன்ஜினியர் என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார். விளிம்புக்கு அடியில் பல் பல்லாக ஒரு சின்னச் சக்கரம். பாதி உள்ளே, பாதி வெளியே. ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இது வெளிச்சத்துக்கு. முந்தின நாள் நான் துணியை எதிர்ப்பக்கமாக இழுத்துத் துடைத்தபோது அது சுற்றி, வெளிச்சம் அடியோடு குறைந்துவிட்டது. மிஷின் அப்போது ஓடவில்லை. அதனால் தெரியவில்லை. கிளி காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது, இருட்டில்.

"அப்போ இவங்க பண்ணதுதான்" என்றார் சார்.

இன்ஜினியர் சிரித்தார். "சுத்தமா தொடைச்சிருக்காங்க சார். நான் போற எடத்துல எல்லாம் இந்த அடிப்பக்கத்தை யாரும் தொடறதே இல்ல. கை வச்சா தூசிதான் ஒட்டும்." பிறகு மேஜையைப் பார்த்தார். "இந்தப் பொட்டியைத் தொறந்தது யாரு? மறையில ஒண்ணு குறையுதே?"

சார் மேஜைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார்.

இன்ஜினியர் என் கையாலேயே அந்தச் சக்கரத்தை ஒருமுறை குறைத்து ஒருமுறை கூட்டச் சொன்னார். கிளி மங்கியது. திரும்ப வந்தது. "இனிமே இப்படி இருட்டானா நீங்களே பார்த்துக்குங்க. நான் மழையில வர வேணாம்" என்றார். முந்தின நாள் பொரி மீதி இருந்தது. ஒரு காகிதத்தில் கட்டிக் கொடுத்தேன். அதையும் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். மழை விடவில்லை. அப்படியே இறங்கிப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

முதலாளி சாவியை மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார். நான் எடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. கை போகவில்லை. பிறகு அவரே எடுத்து நீட்டினார்.

"வாங்கிக்கம்மா. நாளைக்கும் நீதான் தொறக்கணும்."

வாங்கி முடிந்துகொண்டேன். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் பெருக்கும்போது அந்த மறை கதவுக்குப் பின்னால் கிடந்தது. சாரிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவை அம்மா மறுபடி வந்தார்களா என்று எனக்கு நினைவில்லை. அந்த சென்டர் மூடுகிற வரைக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. கல் உடைக்க நான் திரும்பப் போகவில்லை.

அன்றைக்கு என்னைச் சந்தேகப்பட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. பயந்துபோனவர்கள். பயந்தால் மனுஷன் முதலில் ஆளைத்தான் தேடுகிறான். நானும் அப்படித்தான். இப்போது என் வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும், பேரன் ஏதாவது உடைத்துவிட்டு மூலையில் நின்றாலும், "யார் தொட்டது?" என்றுதான் எனக்கும் வாயில் வருகிறது. அப்போது நனைந்த சட்டையோடு அந்தத் தம்பி துணியை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் தெரியும். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "எப்படித் தொட்டே, வந்து காட்டு" என்று கேட்பேன்.