நாடகத்தில் கிணறு இல்லை

நான் கத்தவில்லை. இதை எத்தனை முறை சொல்லியும் எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தலை நரைத்த பிறகும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "பேய் நாடகம் பாத்துட்டுத் தூக்கத்துல ஊரைக் கூட்டுனது இவதானே?" என்று யாராவது சிரிக்கிறார்கள். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது என் விஷயத்தில் அப்படியே பலித்தது.

திருநகரில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எனக்கு ஒன்பது வயது. வாரம் ஒருநாள் சாயங்காலம் ஒரு பேய் நாடகம் போடுவார்கள். பழைய ஜமீன் பங்களாவில் ஒரு கூட்டுக் குடும்பம். அங்கே நிலைக்கண்ணாடிக்குள் குடியிருக்கும் ஒரு பெண் பேய், ஒவ்வொருவர் கனவிலும் புகுந்து, அவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் பயத்தை எடுத்துக் காட்டும். மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் பெரியவர் கனவில் கையேந்தி நிற்பார். எல்லோரையும் அதட்டும் மூத்த மருமகள் கனவில் ஊமையாகிவிடுவாள். அடுத்த வாரம் யார் முறை என்று தெருவே பேசிக்கொள்ளும். எனக்கு அதில் பயமே கிடையாது. பேயின் வெள்ளைச் சேலை ஓரத்தில் சலவைக் குறி தெரிவதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவளே நான்தான்.

அப்போது அப்பாவின் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு இருபத்தெட்டு வயது. நாலைந்து இடம் தட்டிப்போயிருந்தது. கடைசியில் வந்தவர் கொட்டாம்பட்டிப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். அத்தை அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். "தவறி விழுந்துட்டா" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். யாரும் கேட்காமலேயே அந்தத் 'தவறி'யை அழுத்திச் சொல்வார்கள்.

பூ வைக்க நாள் குறிப்பதற்காக, மாப்பிள்ளையின் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து முன்னறையில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். விடிகாலையிலிருந்து விருந்துக்கு அரைத்த அத்தை, உள்ளறையில் அசந்து தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் படுத்து, சுவரில் போன எறும்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை. இதை யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்வேன்.

திடீரென்று அத்தை கையைக் காலை உதறினாள். "கிணத்துக்கிட்ட நான் வரல... என்னையத் தள்ளாதீக... தள்ளாதீக..." என்று முனகினாள். அதற்கு மேல் வந்தது சொல்லே இல்லை, வீடு அதிர ஓர் அலறல்.

அம்மா ஓடிவந்தாள். அத்தை எழுந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரிடி! பேய் நாடகம் பாக்காதன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்!" என்று முன்னறைக்குக் கேட்கும்படி கத்தினாள். முதுகில் ஓர் அடியும் விழுந்தது. முழித்துக்கொண்டிருப்பவளை அடித்து எழுப்புகிற அநியாயம் வேறு எந்த வீட்டிலாவது உண்டா? நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தாள்.

"சின்னப் புள்ளைங்க மதினி. டிவியில கண்டதையும் பாத்துட்டுக் கத்துது" என்று முன்னறையில் அப்பா சிரித்தார்.

"கோரிப்பாளையம் தர்காவுல ஓதி ஊதிக் கயிறு கட்டுங்க, சரியாப் போகும். பூ வைக்க வாரப்ப புள்ளையப் பாக்குறேன்" என்றார் அந்த அம்மாள்.

அன்றிலிருந்து எனக்கு டிவி தடை. எங்கள் வீட்டு டிவியை எதிர்வீட்டுப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, நான் அடுப்படியில் பூண்டு உரித்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கோவமா இருக்கியா?" என்றாள். நான் முறத்தை என் பக்கமே இழுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அப்பா என்னைக் கோரிப்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். ஓதுகிற பெரியவர் கறுப்புக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன கனாக் கண்ட தாயி?" என்று கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நான் கனாவே காணல. கத்துனது அத்த. கிணத்துல தள்ளாதீகன்னு சொல்லிச்சு. நாடகத்துல கிணறே கிடையாது, கண்ணாடிதான்!"

அப்பா என் வாயைப் பொத்தினார். பெரியவர் அப்பாவையே பார்த்தார். "பயந்தவுக கையிலதான் கட்டணும் அண்ணே. அவுகளக் கூட்டிட்டு வாங்க."

"இவளுக்கே கட்டுங்க பாய்" என்றார் அப்பா. குரலில் கெஞ்சல் இருந்தது. பெரியவர் கயிற்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

குறித்த நாளில் வந்து அத்தைக்குப் பூ வைத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா என் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். ஆவணியில் கல்யாணமும் நடந்தது. "ரெண்டு புள்ளையோட நல்லாத்தானே இருக்கா, என்ன ஆயிருச்சு?" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அத்தை அந்தத் தோட்டத்துக்குள் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. அதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் அந்தப் பூ வைத்த அன்று என் வயிறு எரிந்தது எனக்காகத்தான். அவர்கள் புறப்பட்டுப் போனதும் அடுப்படிக்குப் போய், கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதேன். "நான் கத்தலம்மா. அத்ததான் கத்துச்சு. சத்தியமா."

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்டி. அது யாரு கொரலுன்னு இந்த வீட்டுல யாருக்குத் தெரியாது?"

என் அழுகை சட்டென்று நின்றது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அம்மாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், என்மேல் குற்றம் இல்லை. தெரிந்தேவா பூ வைக்கச் சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இந்த வாரம் நான் நாடகம் பாக்கலாமா?" என்றுதான் கேட்டேன்.